வீடும் வகுப்பறையும் ஆங்கிலச் சொற்களும்

ஆங்கிலச் சொற்களை நம் பிள்ளைகள் எங்கிருந்து கற்கத் தொடங்க வேண்டும் என்னும் கேள்விக்குப் பாடநூல்கள் எல்லாம் ஒரே விடையைத் தருகின்றன. வீட்டிலிருந்தும் பாடசாலையிலிருந்தும் என்பதே அவ்விடை. அது சரியான விடைதான். பிள்ளை நாள்தோறும் காணும் முகங்கள் வீட்டிலே இருக்கின்றன. நாள்தோறும் தொடும் பொருள்கள் வகுப்பிலே இருக்கின்றன. ஆகவே முதற் புத்தகத்தின் முதற் பக்கங்களில் தாய், தந்தை, சகோதரன், சகோதரி ஆகியோரும், அவர்களுக்கு அடுத்தாற்போலக் கதிரை, மேசை, கொப்பி, பென்சில் ஆகியனவும் வரிசையாக நிற்கின்றன. இவற்றை இலகுவான சொற்கள் என்று நாம் எண்ணிவிடுகிறோம். அரசாங்கப் பாடசாலைகளில் நெடுங்காலம் படிப்பித்து, இப்பொழுது ஒரு பாடசாலையின் அதிபராகவும் இருக்கும் எனக்கு அவை அவ்வளவு இலகுவானவையாகத் தோன்றவில்லை. ஒரு பிள்ளை ஆங்கிலத்தில் முதன்முதலாக வாய் திறப்பதும் இந்தச் சொற்களிலேதான். வாயை மூடிக்கொள்வதும் இந்தச் சொற்களிலேதான்.

அந்தப் புத்தகத்துப் படத்தை நேயர்கள் பலரும் பார்த்திருப்பீர்கள். கழுத்துப்பட்டி அணிந்த தந்தை ஒருவர் பத்திரிகை வாசித்துக்கொண்டிருப்பார். தாய் பூச்சாடியில் மலர் வைத்துக்கொண்டிருப்பார். ஆண் ஒன்று, பெண் ஒன்றாகப் பிள்ளைகள் இருவர். காலடியில் ஒரு நாய். புத்தகங்கள் மாறி மாறி வந்தன. தந்தையின் உடுப்பும் மாறியது. ஆயின் அந்தக் குடும்பத்தின் அளவு மட்டும் பெரிதாக மாறக் கண்டேனில்லை.

இப்பொழுது ஆசிரியை வகுப்பை நோக்கி, உங்கள் குடும்பத்தைப் பற்றிச் சொல்லுங்கள் என்கிறார். முன் வாங்கிலே இருக்கும் பிள்ளை எழுந்து நிற்கிறது. அதன் வீட்டில் அம்மம்மா இருக்கிறார். சின்னம்மாவும் அவருடைய கைக்குழந்தையும் இருக்கிறார்கள். தாய் கடல் கடந்து ஒரு வீட்டில் பணிப்பெண்ணாக இருக்கிறார். தந்தையைப் பற்றி அந்தப் பிள்ளைக்கே தெளிவில்லை. "திஸ் இஸ் மை பாதர்" என்னும் வாக்கியத்தை அது யாரைச் சுட்டிக்காட்டிச் சொல்வது? பேசாமல் நிற்கிறது. இரண்டு மூன்று முறை இவ்வாறு நின்ற பிள்ளையைப் பற்றி, இதற்கு ஆங்கிலம் ஏறாது என்று முடிவு கட்டப்பட்டுவிடுகிறது. போர் நடந்த ஊர்களிலாயினும், தோட்டப்புறத்திலாயினும், கடற்கரைக் கிராமத்திலாயினும், இத்தகைய பிள்ளை ஒன்றேனும் இல்லாத வகுப்பை நான் கண்டதில்லை. அந்தப் பிள்ளைக்கு ஆங்கிலத்தில் ஐந்து சொற்கள் குறைவாக இருந்தன, அவ்வளவே. அந்த ஐந்து சொற்களும் புத்தகத்தின் அந்தப் பக்கத்தில் இல்லை.

இனி அச்சொற்களைச் சிறிது கவனிப்போம்.

நமது மொழியில் உறவுப் பெயர்கள் மிகுதி. அம்மாவின் சகோதரன் மாமா. அப்பாவின் தமையன் பெரியப்பா. அப்பாவின் தம்பி சித்தப்பா, சில ஊர்களிலே குஞ்சியப்பா. ஆங்கிலத்தில் இவர்கள் அனைவரும் "அங்கிள்". அம்மாவின் தமக்கை பெரியம்மா, தங்கை சின்னம்மா அல்லது சித்தி, அப்பாவின் சகோதரி மாமி. இவர்கள் அனைவரும் "ஆன்ரி". பெரியப்பாவின் மகன் நமக்கு அண்ணன்; மாமாவின் மகன் மச்சான். இவ்விருவரும் ஆங்கிலத்தில் "கசின்". அண்ணன் முறையானவனை மணம் முடிக்க ஒரு பெண் கனவிலும் எண்ணமாட்டாள். மச்சானை முடிப்பதோ நம்மவரிடையே பழைய வழக்கம். இத்தனை பெரிய வேறுபாட்டை ஆங்கிலச் சொல் ஒரு கோப்பையில் இட்டுக் கலக்கிவிடுகிறது.

இதைக் கண்டு, ஆங்கிலேயருக்கு உறவின் அருமை தெரியாது என்று மேடைகளிலே பேசுவோர் உளர். அது நியாயமான பேச்சன்று. பழைய ஆங்கிலத்தில் தாயின் சகோதரனுக்கு ஒரு பெயரும் தந்தையின் சகோதரனுக்கு வேறொரு பெயரும் இருந்தன. தாயின் சகோதரியும் தந்தையின் சகோதரியும் அவ்வாறே தனித்தனிப் பெயர் பெற்றிருந்தனர். 1066ஆம் ஆண்டில் நோர்மண்டியர் இங்கிலாந்தை வென்ற பின்னர், ஆளுவோரின் பிரெஞ்சு மொழியிலிருந்து "அங்கிள்", "ஆன்ற்" ஆகிய சொற்கள் வந்தன. காலப்போக்கில் பழைய பெயர்கள் வழக்கொழிந்தன. இன்னும் ஒரு புதுமை கேளுங்கள். "அங்கிள்" என்பதன் மூலமான இலத்தீன் சொல் தாயின் சகோதரனை மட்டுமே குறித்தது. "ஆன்ற்" என்பதன் மூலச்சொல் தந்தையின் சகோதரியை மட்டுமே குறித்தது. அஃதாவது, வேர் வழியே பார்த்தால் "அங்கிள்" நம் மாமா, "ஆன்ற்" நம் மாமி! பெரியப்பாவும் சின்னம்மாவும் பின்னாளிலே அந்த வீட்டிற் குடியேறியவர்கள். இந்தக் கதையை ஒன்பதாம், பத்தாம் தர வகுப்புக்களிலே சொன்னால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருகிறார்கள். ஆள்வோரின் மொழி வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் எந்தச் சொற்கள் போகும் என்பதையும் அவர்களே கேட்கிறார்கள்.

நம்மோடு இந்நாட்டிலே வாழும் சிங்களப் பிள்ளைக்கும் இதே இடர்ப்பாடு உண்டு. அய்யா, மல்லி, அக்கா, நங்கி என்று மூத்தோரையும் இளையோரையும் அவர்களும் நம்மைப் போலவே பிரித்து அழைக்கிறார்கள். நாம் மச்சான் என்பவனை அவர்கள் மஸ்ஸினா என்கிறார்கள். மச்சாளை நேனா என்கிறார்கள். ஆதலால், "பிரதர்" என்ற சொல்லைக் கேட்டதும் அண்ணனா தம்பியா என்று திகைப்பதில் இரு மொழிப் பிள்ளைகளும் ஒன்றே. தமிழுக்குள்ளேயும் ஊருக்கு ஊர் வேறுபாடுகள் உள. தாத்தா என்றால் மலையகத்தில் பாட்டனார், முஸ்லிம் வீடுகள் பலவற்றில் மூத்த சகோதரி, சிங்களத்திலோ தகப்பனார். இம்மூன்று வீட்டுப் பிள்ளைகளும் ஓர் ஆங்கில வகுப்பில் இருந்தால், ஆசிரியர் தமிழ்ப் பொருள் சொல்லிக் கற்பிப்பதற்கு முன் சற்று யோசிக்க வேண்டியிருக்கும்.

மறுபுறத்தையும் சொல்ல வேண்டும். ஆங்கிலம் எங்கும் நம்மைவிடக் குறைவாகப் பிரிக்கிறது என்பது பிழை. நமக்கு மாமி என்பவர் அப்பாவின் சகோதரியாக இருக்கலாம். மாமாவின் மனைவியாக இருக்கலாம். கணவனின் அல்லது மனைவியின் தாயாகவும் இருக்கலாம். முறை மணம் செய்தவர் வீட்டிலே இம்மூன்றில் இரண்டு ஒருவரிடமே பொருந்தியிருக்கும். ஆங்கிலமோ மணத்தால் வந்த உறவைத் தனியாகப் பிரித்து, "மதர் இன் லோ", "பிரதர் இன் லோ" என்று சொல்லுகிறது. இதில் வரும் "லோ" என்பது நீதிமன்றத்துச் சட்டமன்று. மணம் செய்யத் தகாத உறவினர் யாவர் என்று வகுத்த திருச்சபைச் சட்டத்தையே அது குறித்தது. ஒவ்வொரு மொழியும் தன் வீட்டுக்குத் தேவையான அறைகளைக் கட்டிக்கொள்கிறது. நமது பிள்ளை அடுத்த வீட்டுக்குள் நுழையும்போது அங்கே எந்த அறை எங்கே இருக்கிறது என்று காட்டிக் கொடுக்க ஒருவர் வேண்டும்.

இங்கேதான் ஒரு நல்ல செய்தி உண்டு. தமிழ் வாக்கியத்தையும் ஆங்கில வாக்கியத்தையும் பக்கத்திற் பக்கம் வைத்தால், சொற்கள் பெரும்பாலும் தலைகீழாக நிற்கும். வினைச்சொல் நம்மிடம் கடைசியில் வரும். அவர்களிடம் நடுவில் வரும். நம் பிள்ளைகளின் பிழைகளிற் பாதிக்கு இதுவே காரணம். ஆனால் உறவைச் சொல்லும் சொற்றொடரில் மட்டும் இரண்டு மொழிகளும் கைகோத்து ஒரே திசையில் நடக்கின்றன. "என் அம்மாவின் சகோதரனின் மகள்" என்று தமிழிலே சொல்லுங்கள். இனி ஆங்கிலத்திலே, "மை மதர்ஸ் பிரதர்ஸ் டோற்றர்." சொல்லுக்குச் சொல், வரிசைக்கு வரிசை, ஒரே ஒழுங்கு. நமது "இன்" நிற்கும் இடத்தில் அவர்களுடைய "ஸ்" நிற்கிறது, அவ்வளவுதான். இந்த ஒரு "ஸ்"ஸை நன்றாகப் பிடித்துக்கொண்ட பிள்ளைக்கு நம் உறவுப் பெயர்களுள் ஆங்கிலத்தில் சொல்ல முடியாதது என்று ஒன்றேனும் இல்லை. மாமி யார் என்றால், "ஷீ இஸ் மை பாதர்ஸ் சிஸ்ரர்." பூட்டி யார் என்றால், அம்மம்மாவின் அம்மா என்று தமிழில் முதலில் அவிழ்த்துக்கொண்டால், ஆங்கிலம் தானாக வந்து அமர்ந்துவிடும்.

ஆகவே என் வகுப்புக்களில், "அங்கிள்", "ஆன்ரி" என்ற சொற்களுக்கு முன்பாகவே இந்த "ஸ்"ஸைக் கற்பிக்கும்படி ஆசிரியர்களிடம் சொல்லிவருகிறேன். பிள்ளை தன் வீட்டு மரத்தைக் கொப்பியில் வரைந்து, மாமா, அம்மம்மா, குஞ்சியப்பா என்று தமிழிலேயே பெயர் எழுதட்டும். பின்னர் ஒவ்வொருவரையும் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியத்தால் விளக்கட்டும். "அம்மம்மா இஸ் மை மதர்ஸ் மதர். ஐ லிவ் வித் ஹேர்." ஆங்கில வாக்கியத்துக்குள் அம்மம்மா என்ற சொல் இருக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். தாராளமாக இருக்கலாம். கறி, சுருட்டு, கட்டுமரம், மிளகுதண்ணி ஆகிய நமது சொற்கள் ஆங்கில அகராதியிலே இருக்கும்போது, அம்மம்மா ஒரு பிள்ளையின் கொப்பியில் இருப்பதற்குத் தடை என்ன? ஆனால், "கசின் பிரதர்", "கசின் சிஸ்ரர்" என்று நம்மவர் வழங்குவது வேறு விஷயம். பெரியப்பாவின் மகனை வெறும் "கசின்" என்று தள்ளிவைக்க மனம் வராமல், அவனைச் சகோதரன் என்றும் சொல்லிவிடும் ஆசையால் அது பிறந்தது. எனக்கு அதில் கோபம் இல்லை. பரீட்சை விடைத்தாளில் மட்டும் அதைத் தவிர்ப்பது நல்லது. திருத்துவோர் எல்லோரும் என்னைப்போல் இருக்கமாட்டார்கள்.

பாடசாலைச் சொற்களுக்கு வருவோம். பொருள்களின் பெயர்கள் பெரிய தொல்லை தருவதில்லை. பென்சில், பேனை, கொப்பி போன்றவை முன்னரே நம்முடையவை. அடிமட்டத்துக்கும் வெண்கட்டிக்கும் ஆங்கிலப் பெயரைப் பிள்ளை ஒரு நாளிற் பற்றிக்கொள்ளும். தொல்லை வினைச்சொற்களிலேதான் இருக்கிறது. நமது "படி" என்னும் சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளை பள்ளியிலே படிக்கிறது, இரவிலே பாடம் படிக்கிறது, பத்திரிகை படிக்கிறது, விழாவிலே பாட்டும் படிக்கிறது. இந்நான்குக்கும் ஆங்கிலத்தில் நான்கு சொற்கள்: "லேர்ண்", "ஸ்ரடி", "ரீட்", "சிங்". எனவே, "அக்கா நன்றாகப் பாட்டுப் படிப்பாள்" என்பதைக் கெட்டிக்காரப் பிள்ளையொன்று ஆங்கிலத்திலே எழுதும்போது, அக்கா பாட்டை வாசிக்கிறாள் என்ற பொருள்படத்தான் எழுதுகிறது. அதனைச் சிவப்பு மையினால் வெட்டுவதோடு விட்டுவிட்டால் பிள்ளை எதையும் அறிந்துகொள்ளாது. ஒரு தமிழ்ச் சொல் நான்காகப் பிரியும் இடத்தைக் காட்டினால், அடுத்த முறை தானே நின்று யோசிக்கும்.

இப்படியே "சோதனை எழுதினேன்" என்பதும். ஆங்கிலத்தில் சோதனைக்கு "இருக்க" வேண்டும். "சிற்" என்பது அங்கே வழங்கும் சொல். "பாடசாலை விட்டது" என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் பாடசாலைக் கட்டிடமே புறப்பட்டுப் போய்விடும். வீட்டுவேலை என்பது இன்னொன்று. ஆசிரியர் தரும் வீட்டுவேலை "ஹோம்வேர்க்". அம்மா தரும் வீட்டுவேலை "ஹவுஸ்வேர்க்". முதலாவதைச் செய்யவில்லை என்பதற்கு இரண்டாவதைக் காரணமாகச் சொல்லும் பெண்பிள்ளைகள் நம் பாடசாலைகளில் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வது பெரும்பாலும் உண்மை. ஒரு சிறு வேடிக்கையும் சொல்லிவிடுகிறேன். "ஸ்கூல்" என்ற சொல் ஓய்வு என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. காலையில் பாடசாலை, மாலையில் ரியூசன், இரவில் பாடமீட்டல் என்று அலையும் நம் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள்.

ரியூசன் என்றதும் நினைவுக்கு வருகிறது. தவணைப் பரீட்சையில், "எனது குடும்பம்" என்னும் பொருளில் ஒரு கட்டுரை வரும். நாற்பது விடைத்தாள்களைத் திருத்தினால், அவற்றுள் கணிசமானவற்றில் தந்தையார் வைத்தியராகவோ ஆசிரியராகவோ இருப்பார். தாயார் வீட்டைக் கவனிப்பார். ஞாயிற்றுக்கிழமைகளிலே குடும்பம் கடற்கரைக்குப் போய்க் காற்று வாங்கும். கடற்கரைக்குப் போவது மட்டும் சில பிள்ளைகள் விஷயத்தில் உண்மை. ஏனெனில் அவர்கள் வீடே கடற்கரையில் இருக்கிறது, தந்தையார் மீன்பிடிக்கிறார். அவர்கள் பொய் சொல்லும் பிள்ளைகளல்லர். ரியூசன் கொப்பியில் எழுதித் தரப்பட்ட கட்டுரையில் வைத்தியருக்குச் சொல் இருந்தது; மீனவருக்கும் வலைக்கும் ஓடத்துக்கும் சொல் இருக்கவில்லை. தெரிந்த சொல்லுக்கு ஏற்றபடி தகப்பனாரை மாற்றிக்கொண்டார்கள். ஒரு மொழியைக் கற்கத் தொடங்கும் வேளையிலேயே தன் தகப்பன் செய்யும் தொழிலை மறைக்கப் பழகும் பிள்ளை, அந்த மொழியில் எக்காலமும் தலைநிமிர்ந்து பேசுமா என்பது எனக்குள்ள பெரிய ஐயம்.

இதற்கு மருந்து கடினமானதன்று. "பிஷர்மன்", "நெற்", "போற்" என்னும் மூன்று சொற்களைக் கற்பிக்க ஐந்து நிமிடம் போதும். கொழுந்து பறிப்பவர், மேசன், வயல் செய்பவர், வெளிநாட்டில் பணிப்பெண்ணாக இருப்பவர், கள் இறக்குபவர் என்று வகுப்பிலுள்ள பிள்ளைகளின் வீட்டுத் தொழில்களை ஆண்டின் தொடக்கத்தில் ஆசிரியர் கேட்டு அறிந்து, அவற்றுக்குரிய சொற்களைக் கரும்பலகையிலே முதலில் எழுதட்டும். வைத்தியர் எங்கும் போய்விடமாட்டார். அவருடைய முறை வரும்போது வருவார்.

பெற்றோர் பலர் என்னிடம் வந்து, எங்களுக்கு ஆங்கிலம் தெரியாது ஐயா, வீட்டிலே நாங்கள் என்ன சொல்லிக் கொடுப்பது என்று கேட்கிறார்கள். ஆங்கிலம் வீட்டுக்கு வெளியே உள்ள பொருள் என்ற எண்ணம் நம்மிடம் ஆழப் பதிந்திருக்கிறது. அதற்கு வரலாற்றிலே காரணம் உண்டு. 1816ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிஷனரிமார் விடுதிப் பாடசாலைகளைத் தொடக்கினார்கள். 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியும், 1824இல் உடுவில் பெண்கள் விடுதிப் பாடசாலையும் எழுந்தன. அவற்றால் தமிழுக்கும் கல்விக்கும் விளைந்த நன்மை பெரிது. அதை மறுப்பவன் நானல்லன். ஆயினும், ஆங்கிலம் வேண்டிய பிள்ளை வீட்டை விட்டுப் போய் விடுதியிலே தங்க வேண்டும் என்னும் வழக்கம் அங்கே வேரூன்றியது. பின்னாளிலும், 1945ஆம் ஆண்டின் இலவசக் கல்வித் திட்டத்துக்கு முன்னர், ஆங்கிலப் பாடசாலைகளில் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. தமிழ்ப் பாடசாலைகள் கட்டணமின்றிக் கற்பித்தன. கட்டணம் கட்ட முடியாத வீட்டுக்கும் ஆங்கிலத்துக்கும் இடையிலே ஒரு மதில் எழுந்தது. சட்டத்தில் அம்மதில் எப்பொழுதோ இடிந்துவிட்டது. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தம் ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்றது. இன்று எல்லாப் பிள்ளைகளுக்கும் அது பாடம். ஆனால் தாய்மாரின் மனத்திலே மதில் இன்னும் நிற்கிறது.

அத்தாய்மார் நாள் முழுதும் பேசும் பேச்சையே அவர்களுக்குக் காட்ட விரும்புகிறேன். கதிரை, மேசை, அலுமாரி, சப்பாத்து, லேஞ்சி, பாண் ஆகிய இவையெல்லாம் போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொற்கள். கந்தோர் என்பது ஒல்லாந்தருடையது. எழுத்து வாசனை அறியாத பாட்டிமாரும் இவற்றை அட்சரம் பிசகாமல் வழங்கினார்கள். யாரும் அவர்களுக்கு ஒரு பட்டியலைக் கொடுத்து மனனம் செய்யச் சொல்லவில்லை. பொருள் வீட்டுக்கு வந்தது. பெயரும் அதன் பின்னாலே வந்தது. நாள்தோறும் வாயிலே புரண்டது. அந்நியச் சொல் வீட்டுச் சொல்லாவதற்கு இதைவிட வேறு உபாயம் எனக்குத் தெரியாது.

ஆகவே ஆங்கிலம் அறியாத தாய்க்கு நான் சொல்வது இதுதான். இரவுச் சாப்பாட்டின்போது பிள்ளையிடம் நீங்கள் கேளுங்கள். இன்று பள்ளியிலே என்ன சொல் படித்தாய்? இந்தச் செம்புக்கு ஆங்கிலத்தில் என்ன பெயர்? உன் குஞ்சியப்பாவை ஆங்கிலத்தில் எப்படி விளங்கப்படுத்துவாய்? பிள்ளை சொல்லட்டும். சரியோ பிழையோ என்று உங்களுக்குத் தெரியாது, அதனால் குறையொன்றுமில்லை. தெரியாதவருக்குச் சொல்லிக் கொடுக்கும்போதுதான் தெரிந்தது நிலைக்கிறது. சொல்லத் தெரியாவிட்டால், நாளைக்கு ரீச்சரிடம் கேட்டு வந்து எனக்குச் சொல் என்று விட்டுவிடுங்கள். மறுநாள் மறவாமற் கேட்பதொன்றே உங்கள் வேலை. உறவு முறையைப் பொறுத்தவரை ஆசிரியருக்கும் பிள்ளைக்கும் தெரியாதது உங்களுக்குத் தெரியும். இன்னார் நமக்கு எப்படி உறவு என்பதை அம்மம்மா தமிழிலே அவிழ்த்துச் சொல்லாவிட்டால், அந்தப் பிள்ளைக்கு ஆங்கில வாக்கியமும் கிடையாது. "அங்கிள்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகும் பழக்கம் பட்டணங்களிலே பரவி வருகிறது. பெற்ற தந்தையின் தம்பியும், பக்கத்து வீட்டுக்காரரும், முச்சக்கரவண்டி ஓட்டுநரும் அங்கே ஒரே பெயரால் அழைக்கப்படுகிறார்கள். இதனால் பிள்ளைக்கு ஆங்கிலம் கூடியதாக நான் காணவில்லை. சித்தப்பா என்ற சொல் குறைந்ததை மட்டும் காண்கிறேன்.

கடைசியாக, படிவங்களைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். வங்கியிலும் வைத்தியசாலையிலும் வெளிநாட்டுத் தூதரகத்திலும் நம்மவர் கையில் கொடுக்கப்படும் தாள்களில், குடும்பச் சொற்கள் வேறு உடுப்பு உடுத்து வருகின்றன. அம்மா, அப்பா என்று படித்த பிள்ளை அங்கே "பேரன்ற்", "கார்டியன்", "ஸ்பவுஸ்", "சிப்ளிங்", "டிப்பெண்டன்ற்" என்பவற்றைக் கண்டு மருளுகிறது. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இவை தெரிந்திருக்க வேண்டும். ஏனெனில் பல வீடுகளில் படிவம் நிரப்புவது அந்தப் பிள்ளைதான். "சிப்ளிங்" என்பதற்குப் பொருள் தேடி அலைய வேண்டியதில்லை. உனக்கு எத்தனை சகோதரங்கள் என்று நாம் கேட்கிறோமே, அந்தச் சகோதரமே அது. ஆணென்றும் பெண்ணென்றும் பாராத சொல். "ஸ்பவுஸ்" என்பதும் அப்படியே, கணவனுக்கும் மனைவிக்கும் பொது.

"கார்டியன்" என்னும் சொல்லைச் சற்று நின்று விளக்க வேண்டும். பெற்றோர் அல்லாதவர் ஒருவர் பிள்ளைக்குப் பொறுப்பாக இருந்தால் அவர் பாதுகாவலர். தாய் தந்தையர் பெயருக்குரிய இடத்தில் பெரியம்மாவின் பெயரை எழுதிக்கொண்டு வரும் பிள்ளைகளைப் புதுத் தவணைதோறும் காண்கிறேன். பாசத்தாலே எழுதுகிறார்கள், பெரியம்மாவும் அம்மாதானே என்பது அவர்கள் நியாயம். ஆனால் பிறப்புச் சான்றிதழோடு பெயர் ஒத்துவராதபோது, அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும் நாளிலே அந்த நியாயம் செல்லாது. பெற்ற தாயின் பெயரை அதற்குரிய இடத்திலும், வளர்க்கும் பெரியம்மாவின் பெயரைப் பாதுகாவலர் என்ற இடத்திலும் எழுதச் சொல்லிக் கொடுங்கள். "பியூப்பில்" என்று மாணவனுக்கு வழங்கும் ஆங்கிலச் சொல்கூட முதலில், தந்தையை இழந்து பாதுகாவலரின் கீழ் வாழும் பிள்ளையைத்தான் குறித்தது. பாதுகாவலர் கையெழுத்தோடு வரும் பிள்ளை அந்தச் சொல்லுக்கு மூத்த உரிமையாளன்.

இன்னொரு சொல் "லேட்". பிந்தி வருவதற்கு அந்தச் சொல்லைத்தான் பிள்ளைகள் முதலாம் ஆண்டிலிருந்து கேட்கிறார்கள். வாசலில் மாணவர் தலைவன் கொப்பியும் கையுமாக நின்று எழுதுவதும் அதுவே. இறந்தவர் பெயருக்கு முன்னாலும் அது வரும். காலஞ்சென்ற என்பது பொருள். ஆங்கிலக் கடிதமொன்றில் தகப்பனாரின் பெயருக்கு முன் இச்சொல்லைக் கண்டு, என் அப்பா எதற்குப் பிந்தினார் என்று ஒரு பிள்ளை கேட்டதாக என் பாடசாலை ஆசிரியை ஒருவர் வந்து சொன்னார். அதை அவர் வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் விளக்கவில்லை. இடைவேளையில் அந்தப் பிள்ளையைத் தனியே அழைத்து, அருகில் இருத்தி, இரண்டு பொருளையும் சொன்னார். பின்னர் அச்சொல்லை எங்கே எழுதுவது என்று காட்டினார். பிள்ளை தன் கொப்பியிலே தகப்பனாரின் பெயரை ஆங்கிலத்தில் முழுமையாக எழுதி, அதற்கு முன்னால் அந்தச் சொல்லையும் தன் கையாலே எழுதிக்கொண்டது.